பெருக்காத வீடு

எங்கள் தெருவில் ஒரு நாளைக்கு நான்கு முறை வீடு பெருக்கினோம். விடிந்ததும் ஒரு முறை, ஆம்பிளைகள் வேலைக்குக் கிளம்பியதும் ஒரு முறை, பகல் சோறு போடுமுன் ஒரு முறை, விளக்கு வைக்குமுன் ஒரு முறை. உடனே எங்களைச் சுத்தக்காரிகள் என்று நினைத்துவிட வேண்டாம். பெருக்காவிட்டால் சோறு நறநறவென்று கடிக்கும், பாயில் படுத்தால் முதுகு அரிக்கும், அவ்வளவுதான். நான் கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனது அறுபதுகளின் நடுவில். போன இரண்டு மாதத்தில், தாய் வீட்டிலிருந்து கொண்டுபோன விளக்குமாறு தேய்ந்து கட்டையாகிவிட்டது.

பூண்டி ஏரிக்கும் ஊத்துக்கோட்டைக்கும் நடுவில், மலையடிவாரத்தில் இருந்தது ஊர். மலையின் ஒரு முனையை வெடி வைத்துப் பெயர்க்கிற குவாரி. அதற்குப் பக்கத்தில், ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், பெயர்த்த கல்லை உடைத்து ஜல்லியாக்குகிற மெஷின். அது ஓடும்போது வெள்ளையாக ஒரு மாவு கிளம்பும். மேற்கே இருந்து காற்று அடித்தால் அத்தனையும் எங்கள் தெருவுக்குத்தான் வரும். ஜல்லி லாரிகள் புதுவாயல் வழியாகப் போகும். கல்கத்தா ரோட்டுக்குப் போகும், பின்னாளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி ஷெட்டுகள் எழும்பியபோது அவற்றின் அஸ்திவாரத்துக்கும் போனது. ஜல்லி அவர்களுக்கு, மாவு எங்களுக்கு என்று பாகம் பிரித்த மாதிரி இருந்தது.

மெஷின் வந்தபோது ஊர் சந்தோஷப்பட்டது. அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை. அதுவரை அடுத்தவன் களத்தில் நாள் முழுக்கக் குனிந்து, அவன் அளந்து போடுகிற நெல்லை முந்தானையில் வாங்கி வந்தவர்கள் எங்கள் ஜனங்கள். மெஷினில் சனிக்கிழமை தோறும் கூலி கையில் வந்தது. யார் முன்னாலும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தூசியா, கூலியா என்று கேட்டால் பாதி ஊர் கூலி என்றுதான் சொல்லும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, ஒரே மகளைப் பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்துவிட்டு, தம்பி வீட்டில் எங்களோடு இருந்தார். மெஷினில் சல்லடைக்குப் பக்கத்தில் நின்று ஏழு வருஷம் ஜல்லி அள்ளியவர். நான் பெருக்கி முடித்த வீட்டை அவர் ஒரு தடவை பெருக்காமல் விடமாட்டார். மூலையில் ஒரு விரல்கடை தூசி இருந்தால், "இன்னாமே, இது உனுக்குப் புள்ள குட்டியா, வெச்சி வளக்கறே?" என்று கேட்பார். முதலில் எனக்கு ஆத்திரமாக வரும். பிறகு, பெருக்கும்போதே அவர் நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். அதற்கப்புறம் ஆத்திரம் போய் பயம் வந்தது.

திருவள்ளூர் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்தாய் என்று மட்டும் கேட்டார். சொன்னதும், இது கல் தூசி உள்ளே போய் உட்கார்ந்தது, இதைக் கரைக்க மருந்து கிடையாது, இனிமேல் உள்ளே போகாமல் பார்த்துக்கொள் என்றார். அண்ணி அன்றோடு வேலைக்குப் போவதை நிறுத்தினார். ஆனால் வேலை வீட்டுக்கு வந்தது. காற்று அடித்தால் வேலைக்குப் போகாதவள் மேலும் விழத்தானே செய்யும். மகள் வீட்டுக்குப் பள்ளிப்பட்டு போய்ப் பத்து நாள் இருந்தால் அவரால் குடம் தண்ணீர் தூக்க முடியும். திரும்பி வந்த மூன்றாம் நாள் மறுபடியும் சுவரைப் பிடிப்பார். அங்கேயே இருந்துவிடுங்கள் என்றால், "சம்மந்தி ஊட்ல எத்தினி நாளு சோறு துண்றது?" என்பார். ஆக, அவர் எங்கள் வீட்டில் மூச்சு விட வேண்டுமானால் மெஷின் அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவள். எங்கள் தெருப் பெண்களில் கடிதம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது. திருவள்ளூரில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். வயதானவர், நல்லவர். நான் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"காத்தைப் பத்தி சட்டத்துல ஒண்ணும் இல்லம்மா" என்றார். "நெலத்துக்கு இருக்கு, வாய்க்கால் தண்ணிக்கு இருக்கு. காத்துக்கு இல்ல. பொதுஜனங்களுக்குத் தொல்லைன்னு வேணா போடலாம். நூத்தி முப்பத்தி மூணாவது பிரிவு. நடுரோட்டுல எருக்குழி போட்டாலும் அதான், மெஷின் வெச்சி தூசி கிளப்பினாலும் அதான்."

காற்றுக்கென்று தனியாகச் சட்டம் வந்தது இதற்கெல்லாம் வெகு காலம் கழித்து. அன்றைக்கு, ஒரு ஊரின் மூச்சும் எருக்குழியும் ஒரே எண்ணுக்குள்தான் அடங்கின. மனு ஆர்.டி.ஓ.விடம் போட வேண்டும். என் வீட்டுக்காரர் ஏரியில் மதகு திறந்து மூடுகிற லஸ்கர். சர்க்கார் உத்தியோகம், அவர் கையெழுத்துப் போட முடியாது. மெஷினில் வேலை செய்தவர்கள் போட மாட்டார்கள். அதனால் முதல் மனுதாரர் அண்ணி, கைநாட்டு. இரண்டாவது மனுதாரர் நான். எங்களுக்குக் கீழே தெருவில் ஒன்பது பெண்கள்.

மெஷின் முதலாளி மெட்ராஸ்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, பொங்கலுக்குத் தொழிலாளிகளுக்குத் துணி கொடுத்தவர். ஆர்.டி.ஓ. முன்னால் அவர் வக்கீல் சொன்னது இதுதான்: குவாரிக்குச் சர்க்கார் குத்தகை இருக்கிறது, மெஷினுக்கு லைசென்ஸ் இருக்கிறது, கல்லை உடைத்தால் தூசி வரத்தான் செய்யும், தூசி கூடாது என்றால் ரோடும் கூடாது, கட்டடமும் கூடாது. எங்கள் வக்கீல் எழுந்து, "சர்க்கார் குத்தகைக்குக் குடுத்தது கல்லைத்தான். இந்த அம்மாவோட நெஞ்சைக் குடுக்கல" என்றார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஆனால் வெள்ளைக்காரன் காலத்து அந்தச் சட்டத்தில் இன்னொரு வழி இருந்தது. எதிர்த்தரப்பு கேட்டால் ஜூரி வைக்கலாம். ஐந்து பேர். ஜூரித் தலைவரையும் இன்னும் இரண்டு பேரையும் அதிகாரி நியமிப்பார், மீதி இரண்டு பேரை எதிர்த்தரப்பே சொல்லலாம். அந்த ஐந்து பேர் ஊருக்கு வந்து பார்த்து, தொல்லை உண்டா இல்லையா என்று முடிவு சொல்வார்கள். முதலாளி ஜூரி கேட்டார். வக்கீல் எனக்குக் கார்டு போட்டார்: அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஜூரி வருகிறது, மெஷின் வழக்கம்போல ஓட வேண்டும் என்று உத்தரவு வாங்கிவிட்டேன், முதலாளி ஏமாற்ற முடியாது.

முதலாளி ஏமாற்றவில்லை. ஏமாற்றியது நாங்கள்.

கார்டைத் தெருவில் படித்துக் காட்டியதும் பெண்களுக்குக் கை கால் ஓடவில்லை. எங்கள் தெருவுக்கு அதுவரை வந்த பெரிய மனிதர் யார்? அம்மை குத்துகிறவர். ஓட்டுக் கேட்க வந்தவர்கள் தெருமுனையிலேயே கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது ஐந்து பேர் வருகிறார்கள், வீட்டுக்குள்ளேயே வரப்போகிறார்கள். "இந்தக் கண்றாவியிலயா அவங்கள ஒக்கார வெக்கிறது?" என்றார் அண்ணி. எனக்கும் அப்படித்தான் பட்டது. யாருக்கும் வேறு விதமாகப் படவில்லை. நாங்கள் தூசி என்று புகார் சொல்லியிருக்கிறோம், அவர்கள் தூசியைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்கிற நினைப்பு பதினொரு பெண்களில் ஒருத்திக்கும் வரவில்லை. எட்டாவது படித்தவளுக்கும்தான்.

செவ்வாய்க்கிழமை முழுக்க வேலை செய்தோம். ஒட்டடை அடித்தோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். தரையைச் சாணம் போட்டு மெழுகினோம். பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தோம். நான் வாசல் பூவரச மரத்தில் ஏணி சாத்தி ஏறி, இலைகள் மேல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் அடித்தேன். புதன்கிழமை விடிந்ததும் கால்வாயிலிருந்து வரிசையாகக் குடம் தூக்கி வந்து, தெரு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சேறாகாமல் பதமாகத் தெளித்தோம். வாசலுக்கு வாசல் கோலம். என் கல்யாணத்துக்குக்கூட அந்த ஊர் அப்படி இருந்ததில்லை.

பத்து மணிக்கு வந்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலைக் காற்று கிழக்கே இருந்து வந்தது. நனைந்த தெருவில் ஒரு பொட்டுப் புழுதி எழும்பவில்லை. ஜூரித் தலைவர் ரிட்டையரான ஹெட்மாஸ்டர். கையில் நோட்டு வைத்திருந்தார். எங்கள் வீட்டில் பாய் விரித்து உட்கார வைத்து மோர் கொடுத்தேன். அவர் அண்ணியைப் பார்த்து, "எப்படிம்மா இருக்கீங்க, ஒடம்பு சவுக்கியமா?" என்று கேட்டார்.

அண்ணி தலைமுட்டாக்கைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டார். "சவுக்கியமா கீறேங்க. உங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல. நீங்க நல்லா இருக்கணும்."

வீட்டுக்கு வந்த பெரியவர் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? மூச்சுக்கூட அவர் அன்றைக்கு அடக்கித்தான் விட்டார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, வந்தவர்கள் முன்னால் இருமாமல் நின்றார். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பிய பிறகுதான் அவர் வாசற்படியில் உட்கார்ந்து இருமத் தொடங்கினார். அவர் இருமுவதைக் கேட்கும்போதுதான், உச்சந்தலையில் அடித்த மாதிரி, என்ன செய்துவிட்டோம் என்று எனக்குப் புரிந்தது.

ஐந்து பேரும் ஒரே முடிவு சொன்னார்கள். ஊர் சுத்தமாக இருக்கிறது, தூசி காணப்படவில்லை, முதல் மனுதாரரே தாம் சவுக்கியமாக இருப்பதாகச் சொன்னார். அந்த ஹெட்மாஸ்டர் மேல் எனக்கு இன்றுவரை கோபமில்லை. பார்த்ததை எழுதினார். வக்கீல் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. "சொல்லியிருக்கணும்மா நான். தோணல" என்றார். டவுனில் பிறந்து வளர்ந்தவருக்கு எப்படித் தோன்றும்?

அதற்கப்புறம் ஏழெட்டு வருஷம் ஓடியது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் பெருகின, இங்கே இரண்டாவது மெஷின் வந்தது. கத்தரிச் செடி பூ வைத்து உதிர்ந்தது. தெருவில் இன்னும் நாலைந்து பேருக்கு அதே இருமல். மெஷினில் வேலை செய்த இரண்டு ஆம்பிளைகள் அடுத்தடுத்து செத்தபோது டி.பி. என்று எழுதினார்கள். அண்ணிக்கு வீட்டுக்கும் கொல்லைக்கும் நடுவில் ஒரு முக்காலி போட்டு வைத்தேன், போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் உட்கார. முதல் கேஸைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. இருவருமே அதில் கூட்டு.

எழுபதுகளின் நடுவில் வக்கீலே ஆள் அனுப்பினார். சட்டப் புத்தகத்தைப் புதிதாக மாற்றியிருக்கிறார்கள், நூற்று முப்பத்து மூன்று அப்படியே இருக்கிறது, ஜூரி மட்டும் போய்விட்டது, அதிகாரியே நேரில் வந்து பார்ப்பார், இன்னொரு தடவை போடலாமா என்றார். இந்தத் தடவை கையெழுத்து அறுபது பேர் போட்டார்கள். முதல் மனுதாரர் அண்ணியே. டாக்டரின் சீட்டும் படமும் அவருடையதுதான் இருந்தது. அவர் ஊரில் இருக்க வேண்டும், அதிகாரி அவரைப் பார்க்க வேண்டும், அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார் வக்கீல். "வீட்டை" என்று சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நான் ஊருக்கு வந்து வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அதிகாரி வருவதற்குப் பத்து நாள் முன்னாலிருந்து யாரும் பெருக்கக் கூடாது. மெழுகக் கூடாது. இலைமேல் தண்ணீர் படக் கூடாது. சோற்றுப் பானையை மட்டும் மூடி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு விளக்குமாற்றை எடுத்துப் பரண்மேல் போட்டேன். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வெள்ளிக்கெழமைகூடவா?" என்றார். ஆமாம் என்றேன்.

பத்து நாளில் வீடு வெளுத்துவிட்டது. நடந்தால் கால் தடம் பதிந்தது. வர வேண்டிய நாளில் தலையாரி வந்து, அதிகாரிக்கு வேறு வேலை வந்துவிட்டது, அடுத்த வாரம் என்றார். சரி, ஒரு வாரம்தானே, பெருக்கினால் இதெல்லாம் வீணாகிவிடும். அடுத்த வாரம் வந்தது. மந்திரி வருகிறார், அடுத்த வாரம் என்றார்கள். பிறகு, தேதி சொல்லமாட்டார்கள், எந்த நாளும் வரலாம் என்றார்கள். கோர்ட்டில் வாய்தா போட்டால் கோர்ட்டில் இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது. எங்களுக்கு ஒவ்வொரு வாய்தாவும் வீட்டுத் தரையில் ஒரு படலம்.

பள்ளிப்பட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அண்ணியை மகள் வீட்டில் விட்டுவிட்டு, அதிகாரி வருகிற தகவல் வந்ததும் ஆள் அனுப்பியிருக்கலாம். என் வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார். பஸ் பிடித்து வர அரை நாள் ஆகும், அதற்குள் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார், மறுபடியும் முதல் மனுதாரர் சவுக்கியமாக ஊருக்குப் போயிருக்கிறார் என்று எழுதிவிடுவார் என்றேன். ஒரு தடவை தோற்றவளுக்கு வருகிற வெறி எனக்கு வந்திருந்தது. நான் அனுப்பவில்லை. இதை எந்த விதமாகத் திருப்பி எழுதினாலும் அனுப்பவில்லை என்பதுதான் மிஞ்சுகிறது.

ஐந்தாவது வாரம். பகலில் கிணற்றடியிலிருந்து வந்தேன். அண்ணி பாயைச் சுற்றி ஒரு முழத்துக்கு முந்தானையால் துடைத்து வைத்திருந்தார். அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. துடைத்த களைப்பில் சுவரில் சாய்ந்து, தோள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தார்.

"இன்னா அண்ணி பண்ணிகினு கீறீங்க? கேஸு வேணுமா வேணாமா?" என்று கத்தினேன்.

"படுக்கற எடம் மட்டுந்தாண்டி" என்றார்.

நான் வாசற்படி ஓரத்திலிருந்து இரண்டு கை நிறைய அந்த மாவை அள்ளி வந்து, அவர் துடைத்த இடத்தில் தூவினேன். கோலத்துக்குத் தூவுகிற மாதிரி, ஒரே சீராக. அவர் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. என் கையையே பார்த்தார். தூவி முடித்த பிறகு, "சரி, வுடு" என்றார். என் வாழ்க்கையில் நான் செய்தவற்றில் நினைக்கவே கூசுகிற காரியம் அது. கேஸுக்காக என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் கூச்சம் போவதில்லை.

ஆறாவது வாரம் அதிகாரி வந்தார். சின்ன வயது. சாயங்காலம் நாலு மணி, மேற்குக் காற்று. ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டார். பூவரச இலையைக் கிள்ளிப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைப் பார்த்தார், அது பல நாளாகக் கரும்பலகையாக இல்லை. கடைசியில் எங்கள் வீடு. வாசலில் நின்று ஷூவைக் கழற்றினார். மரியாதை தெரிந்த பிள்ளை.

அண்ணியால் எழுந்திருக்க முடியவில்லை. பாயில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டினார். "செருப்பு... போட்டுகினே... வாங்க சாமி. ஊடு... நல்லா இல்ல." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. அதிகாரி உள்ளே நாலு அடி வைத்துத் திரும்பித் தன் கால்தடத்தைப் பார்த்தார். மாடத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, "எத்தனை நாளா இப்படி இருக்கீங்கம்மா?" என்றார்.

அண்ணி பதில் சொல்லப் பார்த்தார். வரவில்லை. பிறகு, கேட்டதை விட்டுவிட்டு, "டெய்லி பெருக்குவோம் சாமி... நாங்க... பெருக்கறவங்கதான்..." என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்து வெளியே போய், ஜீப்பின் பானெட்டில் நோட்டை வைத்து வெகுநேரம் எழுதினார்.

ஜீப் தெருமுனை தாண்டியதும் நான் பரணிலிருந்து விளக்குமாற்றை எடுத்தேன். தெரு முழுக்கப் பெருக்குகிற சத்தம் கேட்டது. பெருக்கும்போது அண்ணி உள்ளே இருக்கக் கூடாது என்று அவரைத் தூக்கிக் கொல்லையில் உட்கார வைத்தோம். அன்றைக்கே மூச்சு ரொம்ப மோசமாகி, மறுநாள் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

உத்தரவு ஒரு மாதத்தில் வந்தது. மெஷின்கள் இரண்டையும் அந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும். முதலாளி மெட்ராஸ் ஐகோர்ட் வரை போனார், அவர் பேச்சு அங்கேயும் நிற்கவில்லை. மெஷின் மலையின் மறுபக்கம் போனது. அங்கேயும் ஒரு ஊர் இருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று நான் போய்க் கேட்டதில்லை, கேட்க எனக்கு முகமில்லை. எங்கள் தெருவில் ஆறு குடும்பம் மெஷின் பின்னாலேயே குடிபெயர்ந்தது. மற்றவர்கள் கும்மிடிப்பூண்டிக்கு வேலை தேடிப் போனார்கள். போகும்போது சிலர் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

அண்ணி உத்தரவு வந்த பிறகு பதினொரு நாள்தான் இருந்தார். உத்தரவின் சான்று நகலை வக்கீல் குமாஸ்தா ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தார். தமிழில் டைப் அடித்திருந்தது, நாலு தாள். கட்டிலோரம் உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்டினேன். மெஷினை எடுக்கச் சொல்லியிருந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். ஜெயித்துவிட்டோம் அண்ணி என்றேன். அவர் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"நடுவுல இன்னாவோ ஊட்டப் பத்திப் படிச்சியே, அத்தத் திருப்பிப் படி."

படித்தேன். 'முதல் மனுதாரரின் வீடு உட்புறம் முழுவதும் பெருக்கப்படாமல், தரை, சுவர், பாத்திரங்கள் அனைத்திலும் தூசி படிந்த நிலையில் காணப்பட்டது.'

"அத்த அடிச்சுடு" என்றார்.

"அந்த வரியாலதான் அண்ணி ஜெயிச்சோம்."

"அதான் ஜெயிச்சாச்சில்ல. பெருக்காத பொம்பளன்னு... எழுதி வெச்சிகீறான். எம் பொண்ணு ஊட்ல பாத்தா இன்னா நெனப்பாங்கோ? அடி."

சான்று நகலில் கை வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். நர்ஸம்மாவிடம் பேனா வாங்கி, அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. தாளை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"இன்னும் தெரியுது" என்றார். "நல்லா அடி."

தாள் கிழிகிற வரைக்கும் அடித்தேன்.